திங்கட்கிழமை காலை வரைக்கும்

பொன்னேரி,
சனிக்கிழமை இரவு

அன்புள்ள பாப்பா,

சாயங்காலம் நீ போனில் பேசிய தாழ்ந்த குரலிலேயே தெரிந்துவிட்டது, ரூமில் மற்றப் பெண்கள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று. "ஒன்னுக்குப் போனா எரியுது சித்தி, வந்துக்கிட்டே இருக்கு, உட்கார்ந்தா ரெண்டு சொட்டுதான்" என்றாய். அதற்கு மேல் நான் கேட்ட பலவற்றுக்கும் "ம்", "ம்ஹூம்" மட்டும்தான் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன். பக்கங்களைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன், யாருக்கும் கேட்காமல் நீயே படித்துக்கொள்ளலாம். நாளை ஞாயிறு. திங்கட்கிழமை காலை ஓ.பி.யில் காட்டுகிறோம். அதுவரை இருக்கிற இந்த இரண்டு இரவுக்கும் ஒரு பகலுக்கும் என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது என்பதுதான் விஷயம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பார். காய்ச்சல் இருக்கிறதா? குளிர் நடுக்கம் வருகிறதா? முதுகில், விலா எலும்புக்குக் கீழே ஒரு பக்கமாக வலிக்கிறதா? வாந்தியோ, தண்ணீர்கூட உள்ளே தங்காத குமட்டலோ உண்டா? இதில் ஒன்று இருந்தாலும் திங்கட்கிழமைக்குக் காத்திருக்காதே. கிருமி மூத்திரப்பையைத் தாண்டிச் சிறுநீரகத்துக்கு ஏறுகிறது என்று அதற்கு அர்த்தம். நடு ராத்திரி என்றாலும் என்னைக் கூப்பிடு. ஹாஸ்டல் வார்டனை எழுப்பு. முடியவில்லை என்றால் 108-ஐ அழை. அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. ரத்தம் கலந்து சிவப்பாகப் போனாலும், மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தாலும் அப்படியே, அன்றைக்கே காட்ட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இது சும்மா எரிச்சலோடு நின்றுபோகிற சங்கதி இல்லை.

இவை எதுவும் இல்லையென்றால் பயப்படாதே. பெண்களில் பாதிப்பேருக்காவது வாழ்நாளில் ஒரு முறை வருகிற தொந்தரவு இது. ஆணுக்கு மூத்திரக் குழாய் 20 சென்டிமீட்டர் அளவு நீளம், நமக்கு 4 சென்டிமீட்டர்தான். குடலில் குடியிருக்கிற ஈ.கோலை என்ற கிருமிக்கு அது எட்டுகிற தூரம். நான்கில் மூன்று பேருக்குக் காரணம் அந்த ஒரே கிருமிதான். உன் அம்மாவிடம் சொன்னால் "சூடு பிடிச்சிருக்கு, எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்பாள். குளி, தலைக்கு இதமாக இருக்கும். ஆனால் கிருமி அதற்கு அசையாது.

இப்போது அந்த மாத்திரை. "எனக்கு இதே மாதிரி வந்தப்போ இது கேட்டுச்சு" என்று ரூமில் ஒருத்தி மீதி அட்டையை நீட்டினாள் என்றாயே, அதைத் தொடாதே. அவள் நல்ல மனசோடுதான் கொடுத்திருப்பாள். அட்டையைத் திருப்பிப் பார், மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு ஓடும். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்பதற்கான அடையாளம் அது. 2016-இல் மத்திய சுகாதாரத் துறை அந்தக் கோட்டைப் பற்றி நாடு முழுவதும் பிரச்சாரமே செய்தது. அப்படியும் பல மெடிக்கலில் "நீர்க்கடுப்பு" என்று சொன்னால் போதும், கேள்வியே கேட்காமல் நாலு மாத்திரை கிள்ளித் தருகிறார்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆன்டிபயாட்டிக்கைக் கண்டபடி போட்டுக் கிருமி அடங்காமல் போகிற கதை நம் ஊர்ப்பக்கத்துக் கதை. 2008-இல் டில்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு ஸ்வீடனுக்குத் திரும்பிய ஒருவருடைய மூத்திரத்தைப் பரிசோதித்தபோது, கடைசிக் கட்டத்துக்கென்று வைத்திருக்கும் ஊசி மருந்துக்கே அடங்காத ஒரு கிருமியைக் கண்டார்கள். மருந்தை முறியடிக்க அந்தக் கிருமி வைத்திருந்த ஆயுதத்துக்கு என்.டி.எம்.-1 என்று பெயர் வைத்தார்கள். முதல் இரண்டு எழுத்தும் நியூ டெல்லி. 2010-இல் கார்த்திகேயன் குமாரசாமி என்ற சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரை முதல் ஆசிரியராகக் கொண்டு வந்த ஆய்வு, அதே சரக்கு சென்னையிலும் ஹரியானாவிலும் எடுத்த மாதிரிகளில் இருப்பதைக் காட்டியது. மருத்துவமனைக்குள் மட்டும் இல்லை, வீட்டிலிருந்து வந்த மூத்திரத் தொற்றுகளிலும் இருந்தது. உலகம் முழுக்கப் பெரிய சர்ச்சை. அதற்குப் பிறகு 2012 ஆகஸ்டில் பல துறை மருத்துவர்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாட்டிக் மருந்துகளைக் கண்டபடி விற்பதைக் கட்டுப்படுத்த ஒரு திட்டம் போட்டார்கள். சென்னைப் பிரகடனம் என்றே அதற்குப் பெயர். 2014 மார்ச்சில் எச்-1 என்ற பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அதில் உள்ள மருந்தை விற்றால் மெடிக்கல்காரர் நோயாளி பெயர், டாக்டர் பெயர் எல்லாம் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும்.

நீ விழுங்கப்போகிற இரண்டே இரண்டு மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. மூத்திரத் தொற்றுக்கு ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுதிய நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் இன்றைக்கு நம் நாட்டு ஈ.கோலையிடம் பெரும்பாலும் தோற்றுப்போகின்றன. உன் தோழிக்குக் கேட்டது உனக்குக் கேட்கும் என்று சொல்லவே முடியாது. அதைவிடக் கெடுதல் ஒன்று இருக்கிறது. இரண்டு வேளை போட்டதும் எரிச்சல் கொஞ்சம் அடங்கும், நீயும் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுவாய். அரைகுறையாக அடி வாங்கிய கிருமிகளில் வலுத்தது மட்டும் மிஞ்சி நிற்கும். திங்கட்கிழமை மூத்திரம் கொடுத்தாலும், கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் டெஸ்டில் ஒன்றும் வளராமல் போகலாம். அப்புறம் டாக்டரும் குத்துமதிப்பாகத்தான் மருந்து எழுத வேண்டியிருக்கும். நர்ஸாக இருந்த காலத்தில் வார்டில் பார்த்த சிறுநீரகக் காய்ச்சல்காரப் பெண்களில் பலர், மெடிக்கலில் வாங்கி மூன்று நாள் போட்டுப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான்.

சரி, எரிச்சலுக்கு என்ன செய்வது?

தண்ணீர் குடி. குடித்தால் இன்னும் அதிகம் போக வேண்டியிருக்குமே என்று தயங்காதே, போகத்தான் வேண்டும். ஒரேயடியாக ஒரு லிட்டரைக் கவிழ்த்துக்கொள்ளாமல், விழித்திருக்கிற நேரத்தில் மணிக்கு ஒரு டம்ளர். மூத்திரம் வெளிர் மஞ்சளாக வந்தால் அளவு சரி. நம் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து நிலத்தடியில் பல வருஷங்களாகக் கடல்நீர் ஏறிப்போய்க் கிடக்கிறது. ஹாஸ்டல் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று நீ குடிக்காமலே இருப்பாய், எனக்குத் தெரியும். ரூமில் கேன் காலியாகியிருந்தால் இப்போதே ஒன்று போடச் சொல். இளநீர், உப்புக் குறைத்த நீர்மோர், பார்லித் தண்ணீர் எதுவும் குடிக்கலாம். பார்லி தனியாக ஒரு வித்தையும் செய்வதில்லை, அதோடு உள்ளே போகிற தண்ணீர்தான் வேலை செய்கிறது. ஆனாலும் வெறும் தண்ணீர் இறங்காதவர்களுக்குப் பார்லி நல்ல வழி. டீ, காபி, பாட்டில் கூல்டிரிங்க்ஸ் மட்டும் இரண்டு நாள் வேண்டாம், மூத்திரப்பையை இன்னும் உசுப்பிவிடும். சோடா உப்பைக் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள், அதுவும் வேண்டாம்.

அடிவயிற்று இழுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் நன்றாகக் கேட்கும். ஒத்தடப் பை இல்லையென்றால் கெட்டியான பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, துண்டில் சுற்றி வைத்துக்கொள். வலி தாங்கவில்லை என்றால் பாரசிட்டமால் ஒன்று போடலாம், ஆறு மணி நேர இடைவெளி விட்டு, நாளைக்கு நாலுக்கு மேல் போகாமல். போடுவதற்கு முன்னால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து எழுதிக்கொள். பாரசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும், நாம் பார்த்துப் பயப்பட வேண்டியதே அந்தக் காய்ச்சலைத்தான். மற்ற வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் எடுக்காதே. ஜெர்மனியில் 494 பெண்களிடம் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆன்டிபயாட்டிக் கொடுக்காமல் ஐபுபுரூஃபன் மட்டும் கொடுத்த பெண்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் அதிலேயே தேறிவிட்டார்கள். ஆனால் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களைவிட அவர்களுக்குத்தான் எரிச்சலும் வலியும் கூடுதலாக இருந்தது, சிறுநீரகம் வரை ஏறிய தொற்றும் அவர்களிடம்தான் அதிகம் தெரிந்தது. தானே சரியாகும் என்று நம்பி உட்கார்ந்திருப்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். உனக்கு அந்த எல்லை திங்கட்கிழமை காலை.

மெடிக்கலில் சிவப்பு நிறத்தில் ஒரு சிரப் தருவார்கள், மூத்திரத்தின் புளிப்பைக் குறைக்கிற மருந்து. சிலருக்கு எரிச்சல் தணிகிறது. ஆனால் அது கிருமியைக் கொல்லாது. நாளை ராத்திரிவரை தாங்க முடியாமல் வாங்கிக் குடித்திருந்தால் அதை டாக்டரிடம் சொல்லிவிடு, அவர் எழுதப்போகிற சில மருந்துகளின் வேலையை அது மட்டுப்படுத்தும். டெட்டால் ஊற்றிக் கழுவுவது, வாசனை வாஷ் போட்டுத் தேய்ப்பது எதுவும் கூடாது. வெறும் தண்ணீர் போதும், முன்னாலிருந்து பின்னால் கழுவு.

மூத்திரம் பிடிக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓ.பி.யில் அவசரமாக டப்பாவைக் கையில் திணிப்பார்கள், யாரும் விளக்க மாட்டார்கள். முதலில் தண்ணீரால் கழுவிக்கொள். டப்பாவின் உட்புறத்தை விரலால் தொடாதே. முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடித்து, கடைசியையும் விட்டுவிடு. உடனே மூடி, அப்போதே லேபில் கொடு. ஹாஸ்டலிலிருந்து ஊறுகாய் பாட்டிலைக் கழுவி அதில் பிடித்துக்கொண்டு வராதே. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் அதில் கிருமி தானாகப் பெருகி முடிவையே கெடுத்துவிடும். சாதாரண யூரின் டெஸ்ட் அன்றைக்கே வந்துவிடும், கல்ச்சருக்கு இரண்டு நாள் ஆகும். டாக்டர் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கச் சொல்லலாம், அது சரிதான். ஆனால் முதல் மாத்திரை வாயில் போவதற்கு முன்னால் மூத்திரம் லேபுக்குப் போயிருக்க வேண்டும். தை மாதத்திலும் உனக்கு இப்படி வந்தது என்றாயே. ஆறு மாதத்தில் இரண்டு முறை என்றால் அதையும் டாக்டரிடம் சொல், கல்ச்சரைக் கேட்டு வாங்க அதுவே போதுமான காரணம்.

ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்: எப்போது ஆரம்பித்தது, ராத்திரி எத்தனை தடவை எழுந்தாய், கடைசி மாதவிலக்குத் தேதி, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்ததா. அங்கே போனதும் கூச்சத்தில் பாதி மறந்துபோகும்.

அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் அடுத்தது. "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று டாக்டர் கேட்பார். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் காதிலும் விழும். கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. உடலுறவுக்குப் பின் சிலருக்கு இந்தத் தொற்று வருவதுண்டு, கர்ப்பமா என்றும் தெரிய வேண்டும். ஆனால் திருமணமாகாத பெண்ணுக்கும் வரும், பள்ளிக்கூடத்துக் குழந்தைக்கும் வரும், எழுபது வயதுப் பாட்டிக்கும் வரும். உன் நடத்தைக்கு யாரும் இதை வைத்து மார்க் போட முடியாது. உனக்கு ஒருவரோடு பழக்கம் இருக்கிறதா, இல்லையா என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். டாக்டர் கேட்டால் உண்மையைச் சொல். "தனியாப் பேசணும் டாக்டர்" என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு, நானே வெளியில் நின்றுகொள்வேன். அரிப்பு, வெள்ளைப்படுதல், நாற்றம், புண் இருந்தால் அதையும் மறைக்காதே. அது வேறு தொற்றாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. இதற்குப் போடும் மாத்திரை அதைத் தொடாது.

மருந்து எழுதிக் கொடுத்த பிறகு எத்தனை நாளோ அத்தனை நாளும் போட வேண்டும். இரண்டு நாளில் குறையவில்லை என்றால் திரும்பப் போ. இவ்வளவுதான் அதில்.

ஆனால் பாப்பா, இதோடு விட்டால் மூன்று மாதம் கழித்து இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கும். உன் தொழிற்சாலை வேலையைப் பற்றி நீ போனில் போகிறபோக்கில் ஒன்று சொன்னாய்: "லைன்ல இருந்து எழுந்தா ரிலீவர் வரணும் சித்தி, அதனால நான் காலைல இருந்து தண்ணியே குடிக்க மாட்டேன்." எனக்கு மனசு பதறியது அங்கேதான். எட்டு மணி நேரம் குடிக்காமல், போகாமல், அடக்கிக்கொண்டு. மூத்திரப்பையில் நாள் முழுக்கத் தேங்கிக் கிடக்கிற மூத்திரத்தில் கிருமி பெருகாமல் என்ன செய்யும்? பல்கேரியாவில் 140 பெண்களை ஒரு வருஷம் கவனித்தார்கள். எல்லோரும் அடிக்கடி இந்தத் தொற்று வந்தவர்கள், நாளைக்கு ஒன்றரை லிட்டர்கூடக் குடிக்காதவர்கள். அவர்களில் பாதிப்பேரை மட்டும் தினமும் இன்னும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்க வைத்தார்கள். அவர்களுக்கு அந்த வருஷம் சராசரியாக 1.7 முறைதான் தொற்று வந்தது. மற்றவர்களுக்கு 3.2 முறை. தண்ணீரைத் தவிர வேறு எந்த மாற்றமும் இல்லை.

ஆக, இது உன் உடம்பின் கோளாறு இல்லை, உன் வேலையின் ஏற்பாட்டில் இருக்கிற கோளாறு. இதைக் கேட்டுப் பெற்ற பெண்கள் இருக்கிறார்கள். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறையும் கிடையாது, உட்கார நாற்காலியும் கிடையாது. தண்ணீர் குடிக்காமல் அடக்கி அடக்கி மூத்திரத் தொற்றோடு காலம் தள்ளினார்கள். விஜி என்ற தையல்காரப் பெண் அவர்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்று ஓர் அமைப்பை உண்டாக்கினார். முதலில் கேட்டது கழிப்பறை, பிறகு நாற்காலி. 2018-இல் கேரளா சட்டத்தைத் திருத்தியது, 2021-இல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது.

அது கடைகளுக்கு. உன் மாதிரி தொழிற்சாலைப் பெண்களுக்கு 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லிவிட்டது: பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும், அது போதுமானதாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும், வேலையில் இருக்கும் எந்த நேரத்திலும் போய்வரும்படி இருக்க வேண்டும். எந்த நேரத்திலும் என்று எழுதியிருந்தது பாப்பா. இன்டர்வெல்லில் மட்டும் என்று இல்லை. 250 பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் கொடுக்க வேண்டும் என்றும் இருந்தது. பழைய சட்டங்களைச் சேர்த்து 2020-இல் போட்ட தொகுப்பிலும் கழிப்பறைக் கடமை போய்விடவில்லை. நீ தனியாகப் போய்ச் சூப்பர்வைசரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். கான்ட்ராக்டில் இருக்கிற பெண்ணுக்கு அந்தத் துணிச்சல் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உன் லைனில் இருக்கிற பெண்கள் நாலைந்து பேரிடம் பேசு, அவர்களுக்கும் இதே எரிச்சல் வந்திருக்கும், வெளியில் சொல்லியிருக்க மாட்டார்கள். சேர்ந்து போய் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ரிலீவர் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். கேட்கவே இல்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கு மனு போடலாம், எழுதுவதற்கு நான் உதவுகிறேன். கழிப்பறை அசுத்தமாக இருக்கிறது என்பதால் போகாமல் இருந்தாலும் அதையும் அந்தக் காகிதத்திலேயே எழுதுங்கள். மாதவிலக்கு நாளில் பேட் மாற்றவும் அந்த இடம்தானே.

லீவு போட்டால் சம்பளம் போகும் என்று யோசிக்கிறாய். உன் சம்பளத்தில் மாதா மாதம் 0.75 சதவீதம் ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள், கம்பெனி 3.25 சதவீதம் கட்டுகிறது. 21,000 ரூபாய்க்குள் வாங்குகிற எல்லோருக்கும் அது உண்டு, கான்ட்ராக்ட் என்றாலும் உண்டு. வைத்தியம் இலவசம். ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது உனக்குப் பணம் கட்டியிருந்தால், ஈ.எஸ்.ஐ. டாக்டர் சான்றிதழ் கொடுத்த நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வரை கேட்டு வாங்கலாம். ஓரிரண்டு நாள் லீவுக்கு அது எந்த அளவு வரும் என்று டிஸ்பென்சரியில் கேட்போம். கார்டு எண் உன் சம்பளச் சீட்டில் இருக்கும்.

திங்கட்கிழமை காலை முதல் லோக்கலில் ஏறிவிடு. கவரைப்பேட்டை தாண்டினால் பொன்னேரி, நான் ஸ்டேஷனில் நிற்பேன். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிவரை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓடுகிற வண்டியில் ஒரு கழிப்பறை இல்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஏறுவதற்கு முன்னால் ஹாஸ்டலிலேயே போய்விட்டு வா. அதற்காகத் தண்ணீரைக் குறைக்காதே, பாட்டிலை எடுத்துக்கொள், இங்கே நம் வீடு பக்கம்தான். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ கூப்பிட்டுப் பயமுறுத்த வேண்டாம்.

இப்போது ஒரு தடவை, நாளை காலையும் மத்தியானமும் ராத்திரியும் ஒவ்வொரு தடவை தெர்மாமீட்டர் வைத்து நம்பரை எனக்கு அனுப்பு. 100-ஐத் தாண்டினால் மெசேஜ் போடாதே, போன் பண்ணு. போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுக்கிறேன்.

உன்,
சித்தி